யாரு சொல்லிக் குடுத்தா

வா பிள்ள, உள்ள வா. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். கதவச் சாத்தாத. எதித்த வீட்டுக்காரிக்கு வந்தது யாருன்னு தெரியாம இன்னைக்கு சோறு எறங்காது. நல்லாப் பாத்துக்கட்டும்.

பெர்சிஸ்தான ஒம் பேரு? பாளையங்கோட்டை மிஷன் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. 'டீச்சர், மலாவிக்கு நீங்க இருந்த எடத்துக்குப் புதுசா ஒரு பிள்ளைய அனுப்புதோம், முதலூர் வந்து ஒங்க அனுபவத்தக் கேட்டுட்டுப் போவட்டும்'னாவ. அனுபவமாம்! நான் அங்க கெடந்து அல்லாடுனப்ப என் அனுபவத்த ஒருத்தரும் கேக்கல. இப்ப கேக்காவன்னா என்ன அர்த்தம்? நான் என்ன சொல்லுதேன்னு நீ போயி ஆபீஸ்ல ஒப்பிக்கணும். அப்படித்தான? இல்லியா? சரி, இல்லன்னே வச்சுக்குவோம். ஆனா சிரிக்காத. சும்மா சும்மா சிரிக்கிறவங்கள எனக்கு ஆவாது. ஏன்னு போவப் போவ தெரியும். காப்பி குடி.

சிகோண்டின்னு ஊரு. தலைநகரத்துலேருந்து வடக்க ஒரு பகல் பூரா பஸ்ல போவணும். நம்ம தேரி மண்ணு மாதிரியே அங்கயும் செக்கச்செவேல்னு மண்ணு. எறங்குன அன்னைக்கு அந்த மண்ணப் பாத்துத்தான் எனக்கு மனசு ஒட்டுச்சு. என்னைய அனுப்புனது எதுக்கு? பாட்டு சொல்லிக் குடுக்க. பிள்ளைங்களுக்குப் பாட்டு. அதுக்குத்தான் நான் போனேன், வேற எதுக்கும் போகல. ஒரு ஆர்மோனியத்தப் பழைய சேலையில சுத்தி, ஏர்போர்ட்ல எடை ஜாஸ்தின்னு சண்ட போட்டு, மடியில வச்சுக் கொண்டு போனேன்.

போன கொஞ்ச நாள்ல அங்க இருந்த ஹெட்மாஸ்டர் சுகமில்லாம ஊருக்குப் போயிட்டாரு. 'டீச்சர், தற்காலிகமா ஸ்கூல நீங்க பாத்துக்கோங்க'ன்னு இங்கேருந்து போன். நீயும் எழுதி வச்சுக்கோ, தற்காலிகம்னு ஒரு கமிட்டி சொன்னா நம்பாத. அதுலேருந்து ரெண்டு வேல. காலையில பெல் அடிக்கதுக்கு முன்னாலயே சோள மாவு வந்துச்சான்னு பாக்கணும். கஞ்சி இல்லாட்டா பாதிப் பிள்ளைங்க வராது. கக்கூஸ் கட்ட சிமெண்டு, லீவு போட்ட வாத்தியாருக்குப் பதில் ஆளு, இன்ஸ்பெக்டர் வந்தா அவருக்கு நாற்காலி. இது எல்லாத்தையும் முடிச்சிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், அந்தத் தகரக் கூரை ஹாலுக்குப் போயி ஆர்மோனியத்தத் தொறப்பேன் பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வரும். அந்த ஒரு பீரியடுக்காகத்தான் மத்த எல்லாத்தையும் நான் பொறுத்துக்கிட்டேன். உள்ளதச் சொல்லுதேன்.

அங்கதான் அவ வாரா. மிஸஸ் நிரெண்டா. அசிஸ்டெண்ட் ஹெட்மிஸ்ட்ரஸ், கணக்கு டீச்சர், அந்த ஊர்க்காரி. நெடுநெடுன்னு ஒசரம். எப்பப் பாத்தாலும் ஒரு சிரிப்பு. ஒரு பேப்பரக் குடுக்கதுன்னாக்கூட முட்டிய மடக்கிக் கொஞ்சம் தாழ்ந்து, ரெண்டு கையாலயும் குடுப்பா. அது எங்க ஊர்ப் பழக்கம் மேடம்னு சொன்னா. பழக்கமா இருக்கட்டும், வேண்டாங்கல. ஆனா இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குக் கீழ வேல பாத்த ஒருத்தியும் எனக்கு முட்டி மடக்குனதில்ல. இவ மடக்குதான்னா ஏதோ வேணும். பூசணி எலையப் பறிச்சு நெலக்கடலைப் பொடி போட்டு ஒரு கறி வைப்பாவ அங்க. அதத் தூக்குச்சட்டியில கொண்டாந்து குடுப்பா. ருசியாத்தான் இருக்கும். எதுக்குக் குடுக்கா? அதான் கேள்வி.

நான் பாட்டு பீரியடுக்குப் போயி, சுருதி வச்சு, பிள்ளைங்கள ஒரு வழிக்குக் கொண்டாருவேன். சரியா அந்த நேரத்துக்கு வாசல்ல நிப்பா. 'மேடம், மன்னிக்கணும், லாரி வந்திருக்கு, நீங்கதான் கையெழுத்துப் போடணும்.' இன்னொரு நாள், 'மேடம், பம்பு நின்னு போச்சு.' இன்னொரு நாள், 'மேடம், ஒரு பிள்ளையோட அப்பா வந்து சத்தம் போடுதாரு.' காலையில ஒரு பிரச்சினையும் வராது, கேட்டியா. எல்லாம் பாட்டு பீரியட்லதான் வரும். இது தானா நடக்கிற காரியமா?

நீ கொயர்ல பாடுவியாமே, போன்ல சொன்னாவ. ஆல்ட்டோவா, ட்யூனுக்குக் கீழ போற ரெண்டாங் குரலா? நானும் ஆல்ட்டோதான். அப்ப ஒனக்குப் புரியும். எங்க ஊர்க் கோயில் கொயருக்கு பாக்கியநாதன் சார் சொல்லிக் குடுத்தாரு. ஆர்கன்ல ஒத்த வெரலால ஆல்ட்டோ லைன மட்டும் வாசிப்பாரு. நாங்க ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுப் பாடிப் பழகுவோம். காதத் தொறந்தா போச்சு. பக்கத்து வரிசையில சோப்ரானோ பாடுதது விழுந்திரும், நம்ம வாயி தன்னால ட்யூனுக்கு ஓடிரும். ஓடுனா ஸ்கேலு முதுகுல விழும். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் புரட்டாசியில ஆரம்பிப்போம். அவ்வளவு பாடுபட்டாத்தான் அந்த ரெண்டாங் குரல் தொண்டையில நிக்கும். சொல்லிக் குடுக்காம அது வராது. சும்மா வர அது என்ன இருமலா?

சரி. நான் அங்க ஒரு பாட்டுக் கட்டுனேன். நானே கட்டுனது, பாத்துக்கோ. பம்பு ரிப்பேராகி மெக்கானிக்குக்குக் காத்துக்கிட்டு அந்தக் கொழாயடியில ஊர்ப் பொம்பளைங்களோட நிக்கிறேன். எல்லார் தலையிலயும் காலி வாளி. அப்ப வந்துச்சு. 'தண்ணி மொள்ள வந்தவ நான், தாகத்தோட நின்னவ நான், கொடத்தக் கீழ வச்சுட்டேன், கூட வாரேன் ஏசுவே.' அவ்வளவுதான் பாட்டு. வேதத்துல வார சமாரியா ஸ்திரீ, கெணத்தடியில ஏசுவப் பாத்தவ. ட்யூன் ரொம்ப எளிசு, ஆனா 'கூட வாரேன்'ல ஒரு எறக்கம் வச்சிருக்கேன், அத அனுபவிச்சுப் பாடணும். பிள்ளைங்களுக்குத் தமிழ்லயே சொல்லிக் குடுத்தேன், அர்த்தத்த வெளக்கிச் சொல்லி. ஒரே குரலா, ஒரே நூலா, அத்தனை பிள்ளைங்களும் அந்த ட்யூன்ல நிக்கணும். அதுதான் எனக்கு ஆசை.

ஒரு நாள் அப்படித்தான், ட்யூன் பிடிச்சிட்டாங்க. இவ வந்து நின்னா. லாரி. போயி மாவு மூடைய எண்ணி எறக்கிட்டுத் திரும்பி வாரேன். வெளிய முத்தத்துல வாரப்பவே கேட்டுருச்சு. என் பாட்டுத்தான். ஆனா என் பாட்டு இல்ல. ட்யூனுக்குக் கீழ ஒரு குரல் போவுது. அதுக்கும் கீழ இன்னொண்ணு. 'கூட வாரேன்'ல நான் வச்ச எறக்கம் இருக்குல்லா, அங்க மேல ஒரு கூட்டம் ஏறுது. நல்லா இல்லன்னு நான் சொல்லல. நல்லா இருந்துச்சு. அதான எரிச்சலே! நான் உள்ள நுழைஞ்சதும் கப்புனு நிறுத்திட்டாங்க. நிறுத்தி, என்னையப் பாத்து, எல்லாம் ஒரே சிரிப்பு.

'யாரு சொல்லிக் குடுத்தா?'ன்னு கேட்டேன்.

'ஒருத்தருமில்ல மேடம்.'

பொய். நான் போன நேரம் என்ன? மாவு எண்ணுன நேரம். அதுக்குள்ள மூணு பார்ட்டு! அப்படின்னா எனக்குத் தெரியாம ரொம்ப நாளா நடக்குது. நான் இல்லாத நேரமாப் பாத்து ஒருத்தி நுழைஞ்சு சொல்லிக் குடுக்கா. அதுக்காகத்தான் என்னைய வெளிய கூப்பிடுதா. லாரி, பம்பு, சத்தம் போடுத அப்பா எல்லாம் எதுக்குன்னு அப்பதான் எனக்கு வெளங்குச்சு.

கையுங்களவுமாப் பிடிக்கணும்னு ஒரு நாள் நானே ஒரு வேலை செஞ்சேன். பாட்டு நடந்துக்கிட்டிருக்கப்ப, 'ஆபீஸ்ல வேல இருக்கு, பாடிக்கிட்டிருங்க'ன்னு சொல்லிட்டு, சுத்திப் போயி, கஞ்சி காய்ச்சுத கொட்டகைக்குப் பின்னால வெறகு அடுக்குக்குள்ள நின்னுக்கிட்டேன். அங்கேருந்து பாத்தா ஹால் ஜன்னல் தெரியும். சமையக்காரி வந்து, 'என்ன மேடம், இங்க நிக்கிறீங்க?'ன்னா. வெறகு சரியா இருக்கான்னு பாக்கேன்னு சொன்னேன். அவளும் என்கூட நின்னு பாத்தா. போவவே மாட்டேங்கா.

உள்ள பெரிய ஆளு ஒருத்தரும் வரல. பிள்ளைங்க ட்யூனப் பாடுது. தெம்வான்னு ஒரு பொம்பளப் பிள்ள, முன் பல்லு ரெண்டும் தள்ளி இருக்கும், அது கண்ண மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே நிக்கி. அப்புறம் மெதுவாக் கீழ ஒரு குரல விடுது. சரியில்ல. மாத்துது. பக்கத்துல உள்ளது தோள இடிச்சு வேற மாதிரி பாடிக் காட்டுது. ரெண்டும் சண்ட போடுது, சிரிக்கி. அதுக்குள்ள பின் வரிசை எங்கேயோ போயிருச்சு. தெம்வா அதக் கேட்டுட்டு அதோட போயி ஒட்டிக்கிடுது.

இப்பப் புரியுதா? தெம்வாதான் ஏஜெண்டு. விசாரிச்சேன். தெம்வா யாரு? மிஸஸ் நிரெண்டாவுக்கு அக்கா மக முறை. அந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறைதான்னு சொல்லுவாவ. அதெல்லாம் எனக்கு வேண்டாம். வீட்டுல வச்சு இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புதா, இது வந்து மத்ததுகளுக்குக் குடுக்கு. எவ்வளவு சாமர்த்தியம் பாரு. தான் வந்தா மாட்டிக்கிடுவோம்னு பிள்ளைய விட்டுச் செய்யுதா.

தெம்வாவப் பாட்டு பீரியட்லேருந்து எடுத்துட்டேன். 'நீ போயி கொட்டகையில சோளம் உதிர்த்துக் குடு'ன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ்லா, யாரு கேப்பா? அது முட்டிய மடக்கிட்டுப் போச்சு. மறுநாள் நான் ஆர்மோனியத்தத் தொறக்கேன், பிள்ளைங்க ட்யூன எடுக்கு, ஜன்னலுக்கு வெளியேருந்து கீழ்க்குரல் வருது! எட்டிப் பாத்தா, சொளவ மடியில வச்சுக்கிட்டு ஜன்னலுக்குக் கீழ உக்காந்து, சோளத்த உதிர்த்துக்கிட்டே பாடுது. உள்ள இருக்கதுகளும் அதுக்குத் தோதாக் கூட ரெண்டு குரல எடுத்து விடுது. நான் ஆர்மோனியத்த மூடிட்டு ஆபீசுக்குப் போயிட்டேன். அன்னைக்கு அழுதேன். ஏன் மறைக்கணும்? அழுதேன்.

அப்புறம் நேரடியாவே கேட்டுட்டேன் அவகிட்ட. 'மிஸஸ் நிரெண்டா, என் கிளாஸ்ல நீங்க எதுக்குக் கை வைக்கீங்க?' அவ முழிச்சா. நல்லா முழிக்கத் தெரியும் அவளுக்கு.

'நான் ஒண்ணும் செய்யலயே மேடம்.'

'அப்ப இந்தப் பார்ட்ஸ் எப்படி வந்துச்சு?'

அதுக்கு அவ சொன்ன பதிலக் கேளு. 'மேடம், இந்தப் பிள்ளைங்க அம்மா முதுகுல கெடக்கப்பவே கோயில்லயும் எழவு வீட்டுலயும் இதத்தான கேட்டு வளருது. ஒருத்தி பாட ஆரம்பிச்சா பக்கத்துல உள்ளவ அவளத் தனியா விடமாட்டா. கூடப் போவா. நீங்க அந்த ட்யூன வச்சுக்கிட்டுத் தனியாவே பாடிக்கிட்டிருந்தீங்க. பிள்ளைங்களுக்கு மனசு தாங்கியிருக்காது.'

மனசு தாங்கலியாம்! நான் என்ன அநாதையா? எவ்வளவு நைசாப் பேசுதா பாரு. எனக்காகத்தான் செஞ்சாங்களாம். பாக்கியநாதன் சார் கிட்ட நான் வாங்குன ஸ்கேலடி எல்லாம் பின்ன எதுக்கு? அம்மா முதுகுல கெடந்தே வந்திருமா இது?

இந்த நேரத்துல ஜூபிலி வருது. பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா. பாளையங்கோட்டைலேருந்து சேர்மன் ஐயாவும் கமிட்டியும் வாராவ. முன்னாலயே போன்ல சொல்லிட்டாரு. 'ஜெபக்கனி, ரெண்டு வேல ஒரு ஆளுக்குப் பாரம்னு கேள்விப்படுதோம். வந்து பாத்து முடிவு பண்ணுவோம். ஒண்ண வச்சுக்கோ, ஒண்ண விட்டுரு.' யாரு சொல்லிக் கேள்விப்பட்டாரு? எனக்குத் தெரியும் யாருன்னு. இருக்கட்டும். நான் மனசுக்குள்ள ஒரு தீர்மானம் வச்சிருந்தேன். என் பாட்டப் பிள்ளைங்க பாடி அவரு கேக்கணும். கேட்டுட்டு அவரு வாயாலயே சொல்லணும், ஜெபக்கனி, ஆபீஸ வேற யாரும் பாக்கட்டும், நீ பாட்டுக்கே இருன்னு. நானாக் கேக்கக் கூடாது. கேட்டா வேலைக்குப் பயந்துட்டாம்பாவ. அந்த ஒரு பாட்டுலதான் என் பொழப்பே தொங்குது. ஆபீஸ் போனா போவட்டும். பாட்டு போச்சுன்னா நான் அங்க எதுக்கு?

தெம்வாவத் திரும்பச் சேத்துக்கிட்டேன், அது வெளிய நின்னு கெடுக்கதுக்கு உள்ள நின்னு தொலையட்டும்னு. பிள்ளைங்ககிட்டக் கண்டிப்பாச் சொன்னேன். ஒரே குரல். ட்யூன் மட்டும். 'யெஸ் மேடம்'னாங்க. ரிகர்சல்ல ஒழுங்காவும் பாடுனாங்க. உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்துச்சு, அது வேற விஷயம்.

ஜூபிலி அன்னைக்குப் பந்தல், தோரணம், ஊரே கூடிருச்சு. பிள்ளைங்க வரிசையா நிக்கி. நான் சுருதி குடுத்தேன். மொத வரி ஒரே குரல். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ரெண்டாவது வரியில, கூட்டத்துல உக்காந்திருந்த பொம்பளைங்கள்ல யாரோ ஒருத்தி கீழ்க்குரல்ல ம்முனு எடுத்தா. அவ்வளவுதான். அணை ஒடைஞ்ச கணக்கா ஆயிருச்சு. பிள்ளைங்க நாலு பக்கமும் பிரியுது, தாய்மாருங்க கூடச் சேருது, அந்தப் பந்தலே பாடுது. அவங்களுக்குத் தெரியாத பாஷை, கேட்டியா. 'கொடத்தக் கீழ வச்சுட்டேன்'னு தமிழ்ல பாடுது அந்த ஊரு.

சேர்மன் ஐயா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அழுதுட்டாரு. எந்திரிச்சு மைக்கப் பிடிச்சு, எல்லாருக்கும் புரியணும்னு இங்கிலீஷ்லயே, 'ஜெபக்கனி, எங்க கதீட்ரல்லகூட இப்படிப் பார்ட்ஸ் கேட்டதில்ல. யாரும்மா சொல்லிக் குடுத்தா?'ன்னு கேட்டாரு.

அத்தனை பேர் முன்னாலயும் கேக்காரு. எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்கி. இதுதான் நேரம், இவ செஞ்ச வேலை ஊரறியத் தெரியட்டும்னு, எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொன்னேன். 'நான் சொல்லிக் குடுக்கல ஐயா. எல்லாம் மிஸஸ் நிரெண்டா சொல்லிக் குடுத்தது.'

நான் குத்தம் சொல்லுதேன். அவங்க கை தட்டுதாங்க! பந்தல் முழுக்கக் கைதட்டு. இவ பதறி எந்திரிச்சா. 'இல்ல ஐயா, நான் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல, எனக்குப் பாட்டே தெரியாது'ன்னா. அதுக்கு இன்னும் பலமாக் கை தட்டுதாங்க. சேர்மன் ஐயாவுக்கு ஒரே ஆனந்தம். 'பாருங்க, ரெண்டு பேருக்கும் எவ்வளவு தாழ்மை! ஒருத்தர ஒருத்தர் மேன்மையா எண்ணுதாங்க'ன்னு ஒரு குட்டிப் பிரசங்கமே வச்சிட்டாரு. பிரசங்கம் முடியவும் அந்த மேடையிலயே முடிவச் சொன்னாரு. பாட்ட மிஸஸ் நிரெண்டா பாத்துக்கிடட்டும். ஜெபக்கனி நிம்மதியா ஆபீஸப் பாக்கட்டும். பெரிய மனசோட அவளே கை காட்டிட்டா, இனி நாம யோசிக்க என்ன இருக்குன்னுட்டாரு.

இல்ல ஐயா, நான் கோள்தான் சொன்னேன், புகழலன்னு சொல்ல முடியுமா? சொன்னா பொறாமைக்காரின்னு பேராயிரும். சிரிச்சுக்கிட்டு நின்னேன். போட்டோவுல இருக்கு பாரு, அந்தச் செவுத்துல, அந்தச் சிரிப்புதான். பக்கத்துல நிக்கிறவதான் அவ. அவ சிரிக்கல பாத்தியா? அன்னைக்கு மட்டும் சிரிக்கல. எவ்வளவு பெரிய நடிப்பு!

அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன். மாவு, சிமெண்டு, லாரி. ஆச்சரியத்தக் கேளு, மத்தியானம் லாரி வந்தாலும் என்னைய ஒருத்தரும் எங்கேருந்தும் கூப்பிட வேண்டியதில்ல. நான்தான் அங்கயே உக்காந்திருக்கேனே. அந்தப் பீரியட்ல ஹால்லேருந்து பாட்டு வரும். போயி எட்டிப் பாத்தா, இவ பின் பெஞ்சில உக்காந்து கணக்கு நோட்டுத் திருத்திக்கிட்டிருக்கா! பிள்ளைங்கபாட்டுக்குப் பாடுது. சொல்லிக் குடுக்கவே இல்ல. சொல்லிக் குடுக்காதவ எதுக்கு அத என்கிட்டேருந்து பறிக்கணும்?

அதையும் கேட்டேன். 'நீங்க குடுத்தீங்க மேடம், எல்லார் முன்னாலயும் வேண்டாம்னு எப்படிச் சொல்ல?'ங்கா. அப்புறம், 'பிள்ளைங்களுக்குப் பாடுன பாட்டே பாடி அலுத்துருச்சு. புதுப் பாட்டு எனக்குத் தெரியாது. நீங்க வந்து ஒண்ணு குடுங்க மேடம், உங்களத்தான் கேக்குதுங்க'ன்னா. முட்டிய மடக்கிக்கிட்டு! இந்தப் பாட்டையும் வாங்கி அந்தப் பேரையும் எடுத்துக்கிடலாம்னு பாக்கா. நான் அவ்வளவு ஏமாளியா? எனக்கு நேரமில்லன்னு சொல்லிட்டேன். தெனமும் வந்து கேட்டா. தெனமும் அதையே சொன்னேன். உண்மையச் சொன்னா, வேற பாட்டு கட்டி வச்சிருந்தேன். மேசை டிராயருக்குள்ள தாளம் போட்டுக்கிட்டே இருப்பேன்.

பொறவு முழங்கால் போச்சு. ஊருக்குப் போறேன்னுட்டேன். கெளம்புத அன்னைக்கு, மிஷன் ஜீப்புல பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. பிள்ளைங்க மாமரத்தடியில நிக்கி. பாடப் போவுதுன்னு தெரியும். எதப் பாடும்னும் தெரியும். நான் வாயத் தொறக்கதில்லன்னு ஒரு வைராக்கியத்தோட கைப்பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

ஆரம்பிச்சாங்க. எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. என் பாட்டுத்தான், ஆனா என்னமோ கொறையுது. கீழ்க்குரல் இருக்கு. அதுக்குக் கீழ உள்ளதும் இருக்கு. மேல ஏறுதது இருக்கு. ட்யூன் இல்ல. ட்யூனப் பாட ஆளில்ல, பெர்சிஸ்! அத்தனை பிள்ளைங்களும் சுத்தி நின்னுக்கிட்டு, நடுவுல எடத்தக் காலியா விட்டுப் பாடுது. பந்தியில ஒரு எலைய மட்டும் போட்டு வச்சுட்டு, ஆளுக்குக் காத்திருக்குத மாதிரி. தெம்வா என்னையவே பாக்குது. 'தண்ணி மொள்ள வந்தவ நான்'ங்குத எடம் போயிருச்சு. 'தாகத்தோட நின்னவ நான்' போயிருச்சு. 'கொடத்தக் கீழ வச்சுட்டேன்' வருது. என்னால முடியல. என் தொண்ட என்னையக் கேக்காமயே பாடிருச்சு. நான் பாடுதேன், சுத்தி அத்தனையும் கூட வருது. என் வாழ்நாள்ல அப்படி ஒண்ண நான் கேட்டதில்ல. நான் உள்ள நின்னு கேட்டேன், வெளிய நின்னு இல்ல.

ஜீப்புல ஏறுனப்பறம்தான் புத்தி வந்துச்சு. ட்யூன எனக்கு விடணும்னு அதுகளுக்கு யாரு சொன்னா? சின்னப் பிள்ளைங்களுக்கு அவ்வளவு யோசன வருமா? அவளாத்தான் இருக்கணும். என்னைய ஊரறிய அழ வைக்கணும்னு திட்டம். அவளும் அங்கன நின்னு அழுதா. அது எதுக்குன்னு எனக்கு இன்னைய வரைக்கும் பிடிபடல. ராத்திரி பகல் இதுதான் என் மண்டைக்குள்ள ஓடுது. அதான் உன்கிட்டச் சொல்லுதேன். நீ அங்க போன உடனே மொத வேலையா இதக் கண்டுபிடிக்கணும். யாரு சொல்லிக் குடுத்தான்னு. கண்டுபிடிச்சு எனக்குப் போன் பண்ணு. அவகிட்ட நேரடியாக் கேக்காத, சிரிப்பா.

என்ன? பாட்டா? எதுக்கு? அங்க போயி யாருகிட்டப் பாடிக் காட்ட? ஓ, எப்படி இருக்கும்னு கேக்கணுமாக்கும். அங்க போனாக் கேக்கத்தான போற. இந்த ஊர்ல நான் யாருக்கும் பாடிக் காட்டுனதில்ல. எதித்த வீட்டுக்காரி வேற கதவுல நிக்கா. சரி, ஒரே ஒரு தடவ. மெதுவாத்தான் பாடுவேன்.

தண்ணி மொள்ள வந்தவ நான்... தாகத்தோட நின்னவ நான்... கொடத்தக் கீழ வச்சுட்டேன், கூட...

ஏய்.

ஏய், நீ என்ன பாடுத? கீழ ஒண்ணு விட்டியே இப்ப, அது என்ன? இந்தப் பாட்ட நீ இதுக்கு முன்னால கேட்டதில்லல்லா? சத்தியமா? நிரெண்டா ஒனக்குப் போன் பண்ணுனாளா? இல்லியா? ஆபீஸ்ல யாரும் ரெக்கார்டு வச்சிருக்காவளா? பின்ன யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?

காதக்கூடப் பொத்தலியே நீ.

இங்க வா. அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுப் பக்கத்துல உக்காரு. இன்னொரு தடவ மொதல்லேருந்து பாடுதேன். நான் ஒன் வாயவே பாத்துக்கிட்டிருப்பேன், ஒன்னய எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா நிறுத்திராத. நான் நிறுத்துனாலும் நீ நிறுத்திராத.